பிரையரி மாளிகையின் விதவை

தெற்கு லண்டனில் பால்ஹாம் என்றொரு பகுதி உண்டு. அங்கே பெட்ஃபோர்டு ஹில் சாலையை ஒட்டி, கோட்டைக் கொத்தளம் போன்ற கைப்பிடிச் சுவர்களும் கூர்வளைவுச் சாளரங்களுமாக ஒரு பழைய மாளிகை இன்றும் நிற்கிறது. துறவியர் மடம் என்று பொருள்படும் 'பிரையரி' என்பது அதன் பெயர். பெயரில் மட்டும்தான் மடம். செல்வர்களின் குடியிருப்பாகவே அது விளங்கியது. இப்போது பல குடும்பங்கள் வாழும் அடுக்ககமாகிவிட்டது. 1876 ஏப்ரல் 21 விடியற்காலையில் அதன் மாடியறை ஒன்றில் சார்லஸ் பிராவோ என்னும் இளம் வழக்கறிஞர் நஞ்சுண்டு இறந்தார். அந்த நஞ்சைக் கொடுத்தவர் யார் என்பது ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நிறுவப்படவில்லை.

துப்பறியும் கதைகளில் நாட்டமுள்ள எவரையும் போலவே நானும் கொலையாளியைத் தேடியே இந்த வழக்குக்குள் நுழைந்தேன். யார் எப்போது மாடிப்படி ஏறினார், எந்தக் கோப்பையை யார் தொட்டார் என்று வரைபடம் போட்டுப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். ஆனால் வாசிக்க வாசிக்க, இறந்தவரைக் காட்டிலும் எஞ்சியவரே என் மனத்தை ஆட்கொண்டார். அவர் சார்லஸின் மனைவி ஃபுளோரன்ஸ். மொத்தமே முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவர். அவற்றில் நான்கரை மாதங்கள் மட்டுமே அவர் திருமதி பிராவோவாகக் கணவருடன் வாழ்ந்தார். வரலாறோ அவரை அந்தப் பெயரால் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது.

ஃபுளோரன்ஸ் 1845-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை ராபர்ட் கேம்ப்பெல் ஆஸ்திரேலியாவில் வணிகத்தால் பெரும்பொருள் ஈட்டியவர். 1859-இல் இங்கிலாந்தின் பஸ்காட் பண்ணை நிலத்தையும் அதிலிருந்த மாளிகையையும் விலைக்கு வாங்கி, அங்கே சர்க்கரைக் கிழங்கு பயிரிட்டு, அதிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலை ஒன்றையும் நிறுவியவர். மகளின் வாழ்வை இறுதியில் குடித்துத் தீர்த்தது எது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தச் சாராய ஆலை சற்றே உறுத்தும்.

பத்தொன்பதாவது வயதில், 1864-இல், ஃபுளோரன்ஸுக்குத் திருமணம் நடந்தது. மணமகன் அலெக்சாண்டர் ரிக்கார்டோ, அரச மெய்க்காவல் படையில் கேப்டன். பொருளியல் பயின்றோர் அறிந்த டேவிட் ரிக்கார்டோவின் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவருடைய தந்தை இங்கிலாந்தின் மின்தந்தி நிறுவனத்தை உருவாக்கியவர். இரண்டு செல்வக் குடும்பங்களின் சேர்க்கை என்று ஊர் மெச்சியது. ஆனால் கேப்டன் பெருங்குடிகாரர். குடி முற்றி, மனம் பிறழ்ந்து, மனைவியைத் துன்புறுத்தும் நிலைக்குச் சென்றவர். ஃபுளோரன்ஸ் பிறந்த வீட்டுக்கு வந்து பிரிந்து வாழ விரும்புவதாகச் சொன்னபோது, கணவரிடமே திரும்பிப் போகும்படி தந்தை வற்புறுத்தினார். மகளின் துயரைவிடக் குடும்பத்தின் பெயர் அவருக்குப் பெரிதாக இருந்தது. இடையில் புகுந்த தாய், உடல்நலம் தேறுவதற்காக மகளை மால்வர்ன் என்னும் மலையடிவார ஊருக்கு அனுப்பிவைத்தார். 1871 ஏப்ரலில், ஜெர்மனியின் கொலோன் நகரில், ரிக்கார்டோ குடியாலேயே இறந்தார். உயிலை மாற்றாமலேயே அவர் இறந்துபோனதால், பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு நாற்பதாயிரம் பவுண்டு வந்து சேர்ந்தது. இருபத்தைந்து வயதில் ஃபுளோரன்ஸ் எவர் தயவையும் நாட வேண்டாத செல்வப் பெண்மணியானார்.

மால்வர்னில்தான் டாக்டர் ஜேம்ஸ் மேன்பி கல்லி அவர் வாழ்வில் நுழைந்தார். ஜமைக்காவில் பிறந்த கல்லி, தண்ணீர் வைத்தியத்தால் இங்கிலாந்து முழுவதும் பெயர் பெற்றவர். நனைத்த துணியால் உடலைச் சுற்றிக் கிடத்துவது, குளிர்நீரைத் தாரையாகப் பொழியச் செய்வது, மதுவையும் கனத்த உணவையும் விலக்குவது, நெடுந்தொலைவு நடக்கச் சொல்வது ஆகியவையே அவர் முறை. அன்றைய மருத்துவர்கள் கொடுத்த பாதரசத்தையும் அபினையும்விட இது எவ்வளவோ தேவலாம். சார்லஸ் டார்வின் 1849-இல் அவரிடம் தங்கிச் சிகிச்சை பெற்றுத் தேறினார். அந்த நம்பிக்கையில் 1851-இல் தம் பத்து வயது மகள் ஆனியையும் அவரிடமே கொண்டுசென்றார். அந்தக் குழந்தை மால்வர்னிலேயே இறந்தது. கவிஞர் டென்னிசனும் கல்லியை நாடிச் சென்றவர்தான். ஃபுளோரன்ஸ் சந்தித்தபோது கல்லிக்கு அறுபது வயது கடந்திருந்தது. அவரைவிடப் பதினேழு ஆண்டு மூத்த மனைவி, பல்லாண்டுகளாகப் பிரிந்து வேறிடத்தில் வாழ்ந்துவந்தார்.

தந்தை தராத ஆதரவை அந்த முதிய மருத்துவரிடம் கண்ட இளம்பெண், அவரிடம் காதல் கொண்டதில் எனக்கு வியப்பில்லை. கல்லியின் மனைவி இறந்தபின் மணந்துகொள்வது என்பது இருவருக்கும் இடையிலான உடன்பாடு. செய்தி வெளியே கசிந்ததும் கேம்ப்பெல் குடும்பம் மகளை விலக்கிவைத்தது. விருந்துக்கு அழைப்பார் இல்லை, வந்து பார்ப்பாரும் இல்லை. 1873-இல் இருவரும் பவேரியாவின் கிஸ்ஸிங்கன் நகருக்குச் சென்று வந்தனர். திரும்பிய பிறகு ஃபுளோரன்ஸ் கருவுற்றிருப்பது தெரியவந்து, கல்லியே சிகிச்சை செய்து கருவை நீக்கினார். ஃபுளோரன்ஸ் கடுமையாக நோயுற்றார். காதல் தணிந்து வெறும் நட்பாக மாறியது அதன் பிறகுதான். 1874-இல் அவர் பிரையரி மாளிகையைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறியபோது, சில நிமிட நடைத் தொலைவிலேயே கல்லியும் ஒரு வீடு எடுத்துக்கொண்டார்.

மாளிகையில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஜேன் காக்ஸ் என்னும் கைம்பெண். ஜமைக்காவில் வாழ்ந்து கணவரை இழந்து, மூன்று ஆண்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்போடு வந்தவர். முன்பு ஒரு வழக்கறிஞர் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். ஆண்டுக்கு நூறு பவுண்டு ஊதியமும் ஒரே மேசையில் உணவும் பெற்றார். வேலைக்காரி என்றும் சொல்ல முடியாது, தோழி என்றும் சொல்லிவிட முடியாது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் அன்றைய இங்கிலாந்தில் ஏராளமான படித்த ஏழைப் பெண்கள் வாழ்ந்தார்கள். ஜமைக்கா வணிகரான ஜோசப் பிராவோவின் குடும்பத்தோடு காக்ஸுக்குப் பழக்கம் உண்டு. அந்த வழியில்தான் ஜோசப்பின் வளர்ப்பு மகன் சார்லஸ் ஃபுளோரன்ஸுக்கு அறிமுகமானார்.

சார்லஸுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் ஒரே வயது. சார்லஸ் படித்தவர், கெட்டிக்காரர், அரசியலில் ஏறும் ஆசையுள்ளவர், வருமானமோ சொற்பம். இருவரும் தத்தம் பழங்கதைகளைத் திருமணத்துக்கு முன்பே ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டனர். ஃபுளோரன்ஸ் கல்லியைப் பற்றிச் சொன்னார். சார்லஸ் தமக்கொரு காதலியும் அவளிடம் ஒரு குழந்தையும் இருப்பதைச் சொன்னார். இனி அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டனர். இந்த இரண்டு ஒப்புதல்களும் சமஎடை கொண்டவை என்று ஃபுளோரன்ஸ் நம்பியிருக்க வேண்டும். ஊர் அப்படி எடைபோடவில்லை என்பதைப் பின்னர் கண்டார்.

முதல் பூசல் சொத்தைப் பற்றியது. திருமணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே உரியது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். 1870-இல் வந்த சட்டம் மனைவி உழைத்து ஈட்டிய பணத்தையும் சிறு மரபுரிமைகளையும் மட்டுமே அவளிடம் விட்டது. முழு உரிமை தந்த சட்டம் 1882-இல்தான் வந்தது. எனவே வசதியுள்ள பெண்கள் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தம் பணத்தைக் காத்துக்கொண்டார்கள். ஃபுளோரன்ஸும் அதையே செய்தார். சார்லஸோ, வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் தம் பெயருக்கு வர வேண்டும், தமக்குச் சொந்தமில்லாத நாற்காலியில் தம்மால் உட்கார முடியாது என்றார். திருமணமே முறியும் நிலை வந்தது. ஃபுளோரன்ஸ் யோசனை கேட்டது யாரிடம் தெரியுமா? கல்லியிடம். நாற்காலி மேசைக்காக வாழ்வைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், விட்டுக்கொடுத்துவிடு என்றார் அவர். 1875 டிசம்பர் 7 அன்று திருமணம் நடந்தது.

அதன்பின் வந்த மாதங்களை நினைத்தால் மூச்சு முட்டுகிறது. சார்லஸ் சிக்கனத்தில் இறங்கினார். தோட்டக்காரர்கள் எதற்கு, இத்தனை குதிரைகள் எதற்கு, திருமதி காக்ஸ்தான் எதற்கு என்று கணக்குப் பார்த்தார். செலவழிந்ததெல்லாம் மனைவியின் பணம் என்பது வேறு. கல்லியின் பெயரைப் பேசுவதில்லை என்ற உறுதியும் காற்றில் போனது. கல்லியின் காதலியைப் பணத்துக்காக மணந்தவர் என்று ஏசும் பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தபின் அவருடைய பொறாமை கூடிற்று. இவற்றுக்கிடையே ஃபுளோரன்ஸுக்கு இரண்டு முறை கருச்சிதைவு ஏற்பட்டது. இரண்டாவது, 1876 ஏப்ரல் 6 அன்று. அவர் தேறும்வரை கணவர் வேறு அறையில் படுக்க, திருமதி காக்ஸ் ஃபுளோரன்ஸின் அறையில் உடன் படுத்தார்.

ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. கணவனும் மனைவியும் வண்டியில் நகருக்குச் சென்றனர். வழியில் கல்லியின் வீட்டைக் கடக்கும்போது மீண்டும் அதே பேச்சு, மீண்டும் பூசல். மாலையில் சார்லஸ் குதிரையேறிப் போனார்; குதிரை மிரண்டு ஓடியதில் உடல் நொந்து திரும்பினார். இரவு உணவில் மீன், ஆட்டுக்குட்டி இறைச்சி, நெத்திலி சேர்த்த முட்டை. சார்லஸ் பர்கண்டி மதுவை அருந்தினார். பெண்கள் இருவரும் ஷெர்ரி அருந்தினர், அதுவும் ஏறக்குறைய இரண்டு குப்பி. பிறகு படுக்கைக்குப் போன ஃபுளோரன்ஸ் இன்னும் மது வேண்டும் என்று பணிப்பெண்ணை அனுப்ப, அதைக் கண்ட சார்லஸ் மனைவியைக் கடிந்துகொண்டு தம் அறைக்குச் சென்றார். படுக்குமுன் தலைமாட்டிலுள்ள கூஜாவிலிருந்து தண்ணீர் குடிப்பது அவர் வழக்கம். சற்று நேரத்தில், ஒன்பதரை மணி கடந்தபின், கதவைத் திறந்து ஃபுளோரன்ஸை அழைத்துக் கூவினார்; வெந்நீர் வேண்டும் என்றார். சாளரத்துக்கு வெளியே வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். கணவர் கூவியது மது மயக்கத்தில் உறங்கிய ஃபுளோரன்ஸின் காதில் விழவில்லை. ஓடிவந்தவர் திருமதி காக்ஸ்.

அதன்பின் ஐம்பத்தைந்து மணிநேரம் சார்லஸ் உயிரோடு இருந்தார். வழக்கின் ஆழமான புதிர் இந்த ஐம்பத்தைந்து மணிநேரம்தான் என்பேன். மருத்துவர்கள் வரிசையாக வந்தார்கள். இறுதியில், ஃபுளோரன்ஸே வேண்டி அழைத்ததன்பேரில், சர் வில்லியம் கல் வந்தார். வேல்ஸ் இளவரசரை டைபாய்டிலிருந்து மீட்டவர் என்று புகழ்பெற்ற மருத்துவர் அவர். பெயர் ஒற்றுமை தவிர டாக்டர் கல்லியோடு தொடர்பில்லாதவர். நஞ்சு உட்கொண்டிருக்கிறீர்கள், என்ன நஞ்சு என்று சொல்லுங்கள் என்று சார்லஸிடம் கேட்டார்கள். பல்வலிக்கு ஈறில் அபின் கரைசல் தேய்த்தேன், வேறொன்றும் அறியேன் என்பதே திரும்பத் திரும்ப வந்த பதில். சட்டம் படித்தவர், தாம் சாகிறோம் என்று தெரிந்தவர், நினைவு தப்பாமல் இருந்தவர். ஆனாலும் எவரையும் குற்றம் சாட்டவில்லை. எப்படி நேர்ந்தது என்று அறியும் ஆவலையும் காட்டவில்லை. அனைத்தையும் மனைவிக்கே விட்டு உயில் எழுதினார். அவளிடம் அன்பாக இருக்கும்படி தாயிடம் வேண்டிக்கொண்டார். குற்றவாளி என்று மனைவியை ஐயுற்ற ஒருவர் செய்யும் செயலா இது? தாமே நஞ்சுண்ட ஒருவர் வெந்நீர் கேட்டுக் கூவுவாரா? இரண்டு கேள்விகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

நஞ்சு எதுவென்பது ஆய்வில் தெரிந்தது. டார்டார் எமெட்டிக் என்னும் ஆன்டிமனி உப்பு. நம் மரபில் அஞ்சனக்கல் எனப்படும் கனிமம் தரும் உலோகத்தின் சேர்மம். நிறமின்றித் தண்ணீரில் கரையும்; சுவையும் அநேகமாகத் தெரியாது. சிறு அளவில் வாந்தி மருந்து, குதிரைகளுக்கும் கொடுப்பார்கள். குடிகாரக் கணவன்மாரின் மதுவில் மனைவியர் ஒரு சிட்டிகை இரகசியமாகச் சேர்த்துக் குடியை வெறுக்கச் செய்வதும் அக்காலத்தில் வழக்கம். இதே உப்புதான் பின்னர், 1915-இல், கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸின் கையில் காலா அசார் நோய்க்கு மருந்தானது. உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டறிந்த மேம்பட்ட ஆன்டிமனி மருந்து அதன் தொடர்ச்சியாக வந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. சார்லஸின் உடலுக்குள் போனது முப்பது கிரெயினுக்கும் மேல் இருக்கும் என்று கணித்தார்கள். கொல்வதற்கு அதில் ஒரு பகுதியே போதும்.

இங்கிலாந்தில் ஐயத்துக்குரிய மரணங்களை மரண விசாரணை அதிகாரி ஒருவர் நடுவர் குழுவோடு அமர்ந்து ஆராய்வார். இலங்கைத் தமிழர்களுக்கு அந்தப் பதவிப் பெயர் இன்றும் பழக்கமானதே. முதல் விசாரணை ஏப்ரல் இறுதியில் பிரையரி மாளிகையிலேயே அமைதியாக, ஏறக்குறைய ஒரு துக்க வீட்டுச் சடங்கு போல நடந்து முடிந்தது. ஃபுளோரன்ஸை யாரும் விசாரிக்கவே இல்லை. முடிவு ஏதும் எட்டப்படவில்லை. நாளிதழ்கள் கொதித்தெழுந்தன. உயர் நீதிமன்றம் அந்த விசாரணையை நீக்கி, மீண்டும் நடத்த ஆணையிட்டது.

இரண்டாம் விசாரணை, 1876 ஜூலை 11 முதல் ஆகஸ்ட் 11 வரை, பால்ஹாமின் பெட்ஃபோர்டு விடுதியின் பில்லியர்ட்ஸ் அறையில் நடந்தது. அமர்வுகள் மட்டும் இருபத்து மூன்று நாள். கோடை வெக்கையில் கூட்டம் நெரிந்தது. அரசுத் தரப்புக்குத் தலைமை வழக்கறிஞரே வந்தார். பிராவோ குடும்பத்துக்காக ஜார்ஜ் லூயிஸ் வந்தார். இலண்டனின் பெரிய குடும்பங்களின் இரகசியங்களைச் சட்டைப் பையில் வைத்திருந்தவர் என்று பேர்பெற்றவர். திருமதி காக்ஸ் இப்போது புதிய செய்தி ஒன்றைச் சொன்னார்: கல்லியின் பொருட்டுத் தாமே நஞ்சுண்டதாகச் சார்லஸ் தம்மிடம் சொன்னார் என்பது. ஏன் முதலிலேயே முழுமையாகச் சொல்லவில்லை? ஃபுளோரன்ஸின் பெயரைக் காக்கவே என்றார்.

ஆனால் அதைக் காக்க இனி வழியில்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய ஃபுளோரன்ஸிடம் லூயிஸ் நஞ்சைப் பற்றிக் கேட்டதைவிடக் கிஸ்ஸிங்கனைப் பற்றிக் கேட்டதே மிகுதி. கல்லியோடு உறவு எப்போது தொடங்கிற்று, முதல் கணவர் உயிரோடு இருந்தபோதேயா, எந்த வீட்டில், எத்தனை முறை? சார்லஸின் காதலியைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் இந்த ஆர்வம் எவருக்கும் எழவில்லை. ஒரு கட்டத்தில் ஃபுளோரன்ஸ் உடைந்தழுது, தம்மை இந்தக் கேள்விகளிலிருந்து காக்கும்படி அதிகாரியையும் நடுவர்களையும் வேண்டினார். பழைய உறவை ஒப்புக்கொண்டவர், அதற்கும் கணவரின் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டு இனி விடை தர மறுத்தார். அந்த அறையில் எவரேனும் துணிவோடு நடந்துகொண்டார்கள் என்றால், அது அந்த மறுப்புத்தான் என்பது என் கருத்து. அவரே கொலை செய்திருந்தாலும்கூட இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

தீர்ப்பு விந்தையானது. சார்லஸ் பிராவோ தற்கொலை செய்துகொள்ளவில்லை, விபத்திலும் இறக்கவில்லை, டார்டார் எமெட்டிக் கொடுத்துத் திட்டமிட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் குற்றத்தை எவர்மீதும் சுமத்தப் போதிய சான்று இல்லை. எவரும் கைது செய்யப்படவில்லை. ஆகவே எவரும் விடுதலை செய்யப்படவும் இல்லை.

அன்றிலிருந்து ஊகங்களுக்குக் குறைவில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட வண்டிக்காரர் கிரிஃபித்ஸ் மீது சிலருக்கு ஐயம். அவர் குதிரைகளுக்கென்று இதே நஞ்சை நிறைய வாங்கிவைத்தவர். சார்லஸ் அதிக நாள் உயிரோடிருக்க மாட்டார் என்று பெட்ஃபோர்டு விடுதியில் உளறியவர். ஆனால் அவர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். வேலையும் பிள்ளைகளின் படிப்பும் பறிபோகும் நிலையிலிருந்த திருமதி காக்ஸ்மீது பலருக்கு ஐயம். ஃபுளோரன்ஸும் காக்ஸும் சேர்ந்தே செய்தனர் என்று 2001-இல் வெளிவந்த ஜேம்ஸ் ரட்டிக்கின் நூல் வாதிடுகிறது. மனைவிக்குச் சிறிது சிறிதாக நஞ்சு கொடுத்துவந்த சார்லஸ் தவறுதலாகத் தாமே அதை விழுங்கிவிட்டார் என்பாரும் உண்டு.

என்னை வற்புறுத்திக் கேட்டால், நான் ஒரு சிறிய, கௌரவமற்ற விளக்கத்தின் பக்கமே சாய்வேன். இரண்டு கருச்சிதைவுகளுக்குப் பின் மூன்றாவதை அஞ்சிய ஒரு பெண், கணவரைச் சில நாள் நோயாளியாக்கித் தம் படுக்கையிலிருந்து விலக்கிவைக்க நினைத்திருக்கலாம். முதல் கணவரின் குடியோடு போராடிய காலத்தில் அந்த உப்பின் பயனை அறிந்திருக்கலாம். அளவு தவறியிருக்கலாம். சர் வில்லியம் கல்லை அவரே அழைத்தது இதற்குப் பொருந்துகிறது. சாகடிக்க எண்ணியவர் நாட்டிலேயே கூர்மையான மருத்துவரைத் தேடி அழைப்பாரா? ஆனால் சான்று என்னிடமும் இல்லை. பெட்ஃபோர்டு விடுதியில் அமர்ந்திருந்த நடுவர்களைவிட நான் அதிகம் அறிந்தவனும் அல்லன்.

கல்லியின் பெயரை மருத்துவச் சங்கங்கள் நீக்கின. அவர் 1883-இல் இறந்தார். அவர் மகன் வில்லியம் கோர்ட் கல்லி 1895-இல் பிரிட்டன் மக்களவையின் தலைவரானார். தந்தையின் அவப்பெயர் மகனின் ஏற்றத்தைத் தடுக்கவில்லை. திருமதி காக்ஸ் ஜமைக்காவுக்குத் திரும்பினார். தோழியர் இருவரும் அதற்கு முன்பே பிரிந்திருந்தனர்.

ஃபுளோரன்ஸ் பிரையரியை விட்டு சவுத்சீ என்னும் கடற்கரை ஊரில் குடியேறினார். குடி ஒன்றுதான் துணை. விசாரணை முடிந்து ஈராண்டு சென்றபின், 1878 செப்டம்பர் 17 அன்று, அந்தக் குடியே அவர் உயிரைப் பறித்தது. ஒருகாலத்தில் அவரை விலக்கிவைத்த பஸ்காட் ஊரிலேயே சந்தடியின்றி அடக்கம் செய்தார்கள். பெட்ஃபோர்டு விடுதி இன்றும் மதுக்கூடமாக நடக்கிறது. மாலை வேளைகளில் அங்கே பாட்டுக் கச்சேரியும் நகைச்சுவை நிகழ்ச்சிகளும் உண்டு.